வட ஒன்ராறியோவில் தங்குதல்: குடிலும் கூடாரமும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நிபிசிங் ஏரி, பிரெஞ்ச் ஆறு, மட்டாவா ஆறு ஆகியவற்றுக்கு வடக்கே விரிந்து கிடக்கும் நிலமே பொதுவாக வட ஒன்ராறியோ என வழங்கப்படுகிறது. மாகாண நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை இப்பகுதி அடக்கியிருந்தும், மாகாண மக்களில் நூற்றுக்கு ஆறு பேர் அளவிலேயே இங்கு வாழ்கின்றனர். பயணத் திட்டம் முழுவதும் இந்த விகிதத்திலிருந்தே பிறக்க வேண்டும். ரொறன்ரோப் பகுதியில் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ வாழும் ஒரு குடும்பத்துக்குக் குடிநீர், மின்சாரம், வெப்பம், தொலைபேசி, மருந்துக்கடை ஆகியவை கேட்காமலே கிடைக்கின்றன. வடக்கில் அவை ஒவ்வொன்றையும் தருபவர் யார், எங்கே, எந்த நேரம்வரை என்று முன்கூட்டியே கேட்டு அறிந்தாக வேண்டும். தருபவர் எவரும் இல்லை என்று தெரிந்தால், அந்தப் பொருள் வீட்டிலிருந்தே வண்டியில் ஏற வேண்டும். இவ்வதிகாரத்தில் கூறப்படுபவை யாவும் இந்த ஒரே கேள்வியின் விரிவுகள்.

காலத்தைத் தெரிதல்

பெரும்பாலானோர் முதலில் ஏரியைத் தெரிந்துகொண்டு பின்னர் நாளைத் தேடுகின்றனர். வடக்கைப் பொறுத்தவரை இவ்வரிசை தவறானது. முதலில் காலம், பிறகே இடம். மே 25க்கு முந்திய திங்கட்கிழமையில் வரும் விக்ரோறியா நாள் விடுமுறையுடன் கனடாவின் கோடை தொடங்குவதாகப் பொதுவாகக் கருதப்பட்டாலும், அந்த வாரத்தில் வடபகுதி ஏரிகள் பனிக்கட்டி உடைந்து சில வாரங்களே ஆனவையாக இருக்கும். இரவு வெப்பநிலை உறைநிலையைத் தொடுவதும் உண்டு. அதே நாட்களில்தான் கறுப்பு ஈயும் புறப்படுகிறது. அரிசி மணியளவுகூட இல்லாத இந்த ஈ, தெளிந்து ஓடும் ஓடைநீரில் வளர்ந்து, மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் இறுதிவரை பகல் முழுவதும் காதின் பின்புறத்தையும் மயிர் எல்லையையும் தேடிக் கடிக்கும். இரவில் அது கடிப்பதில்லை. ஆனால் அந்த நேரத்தைத் தேங்கிய நீரில் பிறக்கும் நுளம்பு எடுத்துக்கொள்ளும். ஜூலையில் மான் ஈ, குதிரை ஈ என்பவை தொடரும். சிறு பிள்ளைகளுடன் முதன்முறையாகச் செல்வோர் ஜூன் மாதத்தைத் தவிர்ப்பதே அறிவு.

ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்டம்பர் முதல் திங்கட்கிழமையான தொழிலாளர் நாள் வரையிலான மூன்று வாரங்களே புதியவர்களுக்கு மிகவும் ஏற்றவை. பூச்சிகள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன, சிற்றேரிகளின் நீர் ஆண்டின் மிகச் சூடான நிலையை எட்டியிருக்கிறது, பாடசாலையும் தொடங்கியிருக்காது. இந்த நாட்களிலும் இரவில் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கக்கூடும் என்பதை மறத்தலாகாது. செப்டம்பர் இறுதியில் மேப்பிள் இலைகள் சிவக்கும் அழகுக்காகவே செல்வோரும் உளர். அவர்கள் உறைபனிக்கு ஆயத்தமாக, கூடாரத்துக்குப் பதிலாகக் குடிலையே தேர்வது நன்று.

பூச்சித் தடுப்பு மருந்து பற்றிய ஒரு குறிப்பு இங்கேயே சொல்லத்தக்கது. கனடாவின் சுகாதாரத் துறை, 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு டீற் என்னும் மருந்து 30 வீதம் வரை கலந்த திரவத்தையும், ஆறு மாதம் முதல் 12 வயது வரையானோருக்கு 10 வீதத்துக்கு மேற்படாத திரவத்தையுமே அனுமதிக்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அதையும் நாளுக்கு ஒருமுறை மட்டுமே பூசலாம். 20 வீத இக்காரிடின் கலந்தவை ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் ஏற்கப்பட்டுள்ளன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த மருந்தும் பூசலாகாது, வலையே காப்பு. கருநிற உடை ஈக்களை ஈர்ப்பதால், வெளிர்நிற நீள்கைச் சட்டையும் காலுறைக்குள் செருகிய காற்சட்டையும் மருந்தைவிடப் பல வேளைகளில் அதிகம் உதவும். காற்சட்டையைச் செருகும் இதே வழக்கம் புல்வெளியில் காத்திருக்கும் உண்ணிக்கும் தடையாகும்.

தொலைவும் வெளிச்சமும்

ரொறன்ரோவிலிருந்து 400ஆம், 69ஆம் நெடுஞ்சாலைகள் வழியாகச் சட்பரி நகரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அங்கிருந்து 17ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே சூ சென்ற் மேரி நகரம் மேலும் 300 கிலோமீற்றர். அதற்கும் வடக்கே சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்காவின் அகாவா விரிகுடா முகாம்திடலை அடைய இன்னும் ஏறத்தாழ 140 கிலோமீற்றர் செல்ல வேண்டும். எண்களைக் கூட்டினால் எட்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டுவதுபோலத் தோன்றும். பிள்ளைகளுக்காகவும் பெற்றோலுக்காகவும் உணவுக்காகவும் நிற்கும் நேரத்தைச் சேர்த்தால் அது ஒரு முழு நாளைத் தாண்டிவிடும். சூ சென்ற் மேரிக்கும் அதற்கு வடக்கேயுள்ள வாவா ஊருக்கும் இடையில் தொடர்ச்சியான சாலை 1960இல்தான் திறக்கப்பட்டது என்பது, இந்தக் கரை எவ்வளவு காலம் எட்டாததாக இருந்தது என்பதைக் காட்டும். இன்றும் அந்த வழியில் நீண்ட துண்டுகளில் கைபேசிக்குச் சமிக்ஞை கிடைப்பதில்லை. பெற்றோல் நிலையங்களும் அரிது. தாங்கி பாதிக்குக் கீழே இறங்குமுன் நிரப்பிக்கொள்வதை வடக்கின் சாலைகளில் ஒரு விதியாகவே கொள்ள வேண்டும்.

இருட்டில் வண்டி ஓட்டுவதே இப்பயணத்தின் மிகப்பெரிய ஆபத்து. மூஸ் எனப்படும் மிகப்பெரிய மான், முழு வளர்ச்சியில் 500 கிலோவையும் எட்டக்கூடியது. கருமையான உடலும் உயர்ந்த கால்களும் கொண்ட அது விளக்கொளியில் இறுதி நொடிவரை புலப்படாமல் நிற்கும். மோதினால் வண்டியின் முன்பகுதி கால்களை வாரிவிட, உடல் முழுவதும் கண்ணாடியின் மேல் வந்து விழும். வசந்தகாலத்தில், குளிர்காலம் முழுவதும் சாலையில் தூவப்பட்ட உப்பு தேங்கிய ஓரக் குழிகளைத் தேடி மூஸ்கள் சாலைக்கே வருகின்றன. ஆகவே பொழுது சாய்வதற்குள் தங்குமிடத்தை அடையும் வகையில் புறப்பாட்டு நேரத்தை அமைக்க வேண்டும். ஜூன் இறுதியில் அகாவா விரிகுடாவில் இரவு 9.30 மணிக்குப் பின்னரே சூரியன் மறைவதால் இது எளிது. செப்டம்பரிலோ பகல் விரைந்து சுருங்கிவிடும்.

முதல் பயணத்துக்குச் சுப்பீரியர் ஏரியைவிடக் கில்லார்னியே பொருத்தமானது. சட்பரிக்குத் தெற்கே 69ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் 637ஆம் இலக்கச் சாலையில் மேற்கே சென்றால் கில்லார்னி மாகாணப் பூங்காவின் ஜோர்ஜ் ஏரி முகாம்திடலை அடையலாம். வெண்ணிறப் படிகப்பாறைக் குன்றுகளும் அவற்றிடையே கண்ணாடிபோலத் தெளிந்த ஏரிகளும் கொண்ட இந்த நிலத்தைக் காக்க ஏ. வை. ஜாக்சன் முதலிய ஓவியர்கள் குரல் எழுப்பினர். 1964இல் அது மாகாணப் பூங்காவானது. காலையில் ரொறன்ரோவில் புறப்பட்டவர் பிற்பகலில் அங்கே கூடாரம் அடித்துவிடலாம்.

தங்குமிடத்தின் வகைகளும் சொற்பொறிகளும்

ஒரே சொல் இரு இடங்களில் இரு பொருள் தருவதால் முற்பதிவில் பலர் தவறிழைக்கின்றனர். தெற்கில் கொற்றேஜ் எனப்படும் ஏரிக்கரை வீட்டை வடக்கில் கேம்ப் என்பர். ஆகவே கேம்ப்புக்கு அழைக்கப்பட்டவர் கூடாரம் கொண்டு செல்லத் தேவையில்லாமலும் இருக்கலாம். தனியார் தங்ககங்களின் விளம்பரங்களில் காணப்படும் ஹவுஸ்கீப்பிங் கேபின் என்னும் தொடர் இன்னும் ஏமாற்றக்கூடியது. அதை வாசிப்பவர் வேலையாள் வந்து துப்புரவு செய்யும் விடுதி என்று எண்ணுவார். உண்மையில் அதன் பொருள் தலைகீழானது. சமையலறையும் பாத்திரமும் உள்ள குடில் மட்டும் தரப்படும், சமைப்பதும் கழுவுவதும் தங்குபவரின் பொறுப்பு, படுக்கை விரிப்பும் துவாயும்கூடப் பல இடங்களில் அவரே கொண்டுவர வேண்டியவை. உணவும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்கன் பிளான் என்று பெயர்; சைவ உணவு மட்டும் உண்போர் இதனைத் தெரியுமுன், சமையலறை எதைத் தர இயலும் என எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். ரஸ்டிக் என்ற அடைமொழி பழமையழகை மட்டும் குறிக்காமல், குழாய்நீரும் உட்கழிப்பறையும் இல்லை என்பதையும் பெரும்பாலும் குறிக்கிறது.

மாகாணப் பூங்காக்களில் வகைகள் ஓரளவு தெளிவானவை. மண்ணையோ சரளைக்கல்லையோ சமன்செய்து, உணவு மேசையும் தீக்குழியும் வைத்திருக்கும் சதுக்கம் முகாம்தளம்; அதற்கு மின்இணைப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீர்க்கழிப்பறையும் குளியலறையும் கொண்ட பொதுக்கட்டடம் எத்தனை மீற்றர் தொலைவில் உள்ளது என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொள்வது முதியவர்களுடன் செல்வோருக்கு இன்றியமையாதது. யூர்ட் என்பது மத்திய ஆசிய மேய்ப்பரின் வட்டக்கூடாரத்தைப் பின்பற்றி மரச்சட்டத்தின்மேல் தடித்த துணி போர்த்திய அறை. அதில் கட்டில் இருக்கும், சமைக்க அனுமதி உள்ளே இராது. பூங்காக் குடில்களும் சில இடங்களில் உண்டு. எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருப்பதால் அவை வெகுவிரைவில் தீர்ந்துவிடுகின்றன.

பூங்கா முற்பதிவு, வந்துசேரும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்னதாகக் காலை 7 மணிக்குத் திறக்கிறது. ஆகஸ்ட் 15இல் சென்றடைய விரும்புவோர் மார்ச் 15 காலை ஏழு மணிக்குமுன் கணக்கைத் திறந்து, விரும்பும் தள எண்கள் மூன்றை வரிசைப்படுத்திக் காத்திருக்க வேண்டும். ஒரு தளத்தில் பொதுவாக 6 பேருக்கு மேல் தங்க முடியாது என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் குறிப்பாகக் கவனித்தல் நலம். பெரியப்பா, சித்தி, மைத்துனர் குடும்பங்கள் எனப் பன்னிரண்டு பேர் சேர்ந்து செல்லும் வழக்கம் அழகானதே; ஆயினும் அதற்கு அடுத்தடுத்த இரு தளங்களை ஒரே காலையில் இருவர் தனித்தனியே பதிவுசெய்யவோ, குழுத் தளம் ஒன்றைக் கேட்கவோ வேண்டியிருக்கும். வந்தபின் நெருக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

முற்பதிவு கிடைக்காதவருக்கு அரச நிலம் என்னும் வழியும் உண்டு. ஒன்ராறியோவில் பொது அரச நிலத்தின் பெரும்பகுதியில் கனடாவில் வசிப்போர் ஆண்டுக்கு ஒரே இடத்தில் 21 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் உடனிருந்தால், பிரெஞ்ச், மட்டாவா ஆறுகளுக்கு வடக்கே அவர்களுக்கு அனுமதிச்சீட்டு தேவைப்படும். அங்கே கழிப்பறையும் குழாயும் காவலரும் இல்லை என்பதால், அனுபவம் பெற்றோருக்கே இவ்வழி உரியது. வரைபடத்தில் பழங்குடியினரின் ஒதுக்கு நிலமாகக் குறிக்கப்பட்டவை அரச நிலம்போலப் பயன்படுத்தத்தக்கவையல்ல. அந்தச் சமூகத்தின் அனுமதி இன்றி அங்கு கூடாரமடிக்கக் கூடாது.

தனியார் குடிலுக்கு முன்பணம் செலுத்துமுன் உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை சில உள. குழாய்நீர் குடிக்கத்தக்கதா, அன்றி ஏரியிலிருந்து நேராக இறைக்கப்படுகிறதா? வெப்பம் விறகடுப்பிலிருந்தா, எரிவாயுவிலிருந்தா? கடைசி சில கிலோமீற்றர் சாலை சாதாரணக் காருக்கு ஏற்றதா? கழிவு நிலத்தடித் தொட்டிக்குச் செல்கிறதா? இந்த இறுதிக் கேள்விக்குப் பதில் ஆம் எனில், பொரித்த எண்ணெயையும் கறிச் சட்டியின் கொழுப்பையும் தொட்டியில் ஊற்றாமல் போத்தலில் அடைத்துத் திரும்பக் கொண்டுவருவது விருந்தாளியின் கடமையாகும். கொழுப்பு அந்தத் தொட்டியை அடைத்துவிடக்கூடியது.

குளிரும் உறக்கமும்

வடக்கில் கூடாரத்தில் உறங்கியவர் குளிரால் துன்புற்றால், அதன் காரணம் பெரும்பாலும் மேலிருந்தல்ல, கீழிருந்தே வந்திருக்கும். காற்றடித்த மெத்தை மென்மையானது. ஆனால் உள்ளே சுழலும் காற்று உடலின் வெப்பத்தை நிலத்துக்குக் கடத்திவிடும். நிலத்துக்கும் உடலுக்கும் இடையே வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றலை ஆர் மதிப்பு என்னும் எண் குறிக்கிறது. அந்த எண் உயர்ந்த பாயை வாங்குவது, விலை உயர்ந்த உறக்கப்பை வாங்குவதைவிட முதலில் செய்யத்தக்கது. உறக்கப்பையில் இரண்டு வெப்பநிலைகள் அச்சிடப்பட்டிருக்கும்: சுகநிலை என்பது ஒருவர் நிம்மதியாக உறங்கும் வெப்பம், எல்லைநிலை என்பது சுருண்டு நடுங்காமல் தாங்கும் வெப்பம். விற்பனையில் பெரிய எழுத்தில் காணப்படுவது பெரும்பாலும் இரண்டாவதே. வாங்குபவர் முதலாவதைப் பார்த்து வாங்க வேண்டும்.

குளிர் தாங்காமல் கரியடுப்பையோ எரிவாயு அடுப்பையோ கூடாரத்துக்குள்ளோ குடிலுக்குள்ளோ கொண்டுசெல்வது உயிரைக் கொல்லும் செயல். எரிதலில் உண்டாகும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமோ நிறமோ இல்லை. உறங்குபவர் விழிப்பதற்குமுன்பே அது நினைவை அழித்துவிடும். குடிலில் தங்குவோர் மின்கலத்தில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைத் தாமே கொண்டுசெல்வது மிகையன்று.

சமையலும் கரடியும்

தேங்காய்ப்பால், யாழ்ப்பாணத்து வறுத்த மிளகாய்த்தூள், கறிவேப்பிலை ஆகியவற்றைச் சட்பரிக்கு அப்பால் கடைகளில் எதிர்பார்க்கலாகாது. அவை வீட்டிலிருந்தே வர வேண்டும். கறிகளை முன்னரே சமைத்துத் தட்டையான பைகளில் உறையவைத்துக் குளிர்பெட்டியின் அடியில் அடுக்கினால், முதல் இரண்டு நாள் அவையே பனிக்கட்டியின் பணியையும் செய்துவிடும். இன்சுலின் பயன்படுத்துவோர் அதனைப் பனிக்கட்டியில் நேரடியாகப் படாதவாறு துணியில் சுற்றி வைத்தல் வேண்டும். உறைந்த இன்சுலின் பயனற்றது. ஏரிநீரைக் குடிப்பதாயின், நன்கு கொதித்த பின்னரும் ஒரு நிமிடமாவது கொதிக்க விடவேண்டும். நீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் ஜியார்டியா என்னும் குடல்நுண்ணுயிர் அதில் இருக்கலாம்.

விறகுத் தீயை நம்பிச் சமையலைத் திட்டமிடலாகாது. வறட்சி மிகும் வேளைகளில் மாகாண அரசு குறித்த பகுதிகளைக் கட்டுப்படுத்தப்பட்ட தீ வலயமாக அறிவிக்கும்; அப்போது முகாம்திடலின் தீக்குழியிலும் விறகு எரிக்க அனுமதி இல்லை. மூடித் திறக்கும் திருகுள்ள எரிவாயு அடுப்பே எப்போதும் கைகொடுக்கும். விறகை வீட்டிலிருந்து கொண்டுசெல்லவும் கூடாது. ஆசியாவிலிருந்து வந்து 2002இல் விண்ட்சர் பகுதியில் கண்டறியப்பட்ட மரகத வண்டு ஒன்றே, விறகிலும் மரக்கன்றிலும் ஏறிப் பயணித்து, தென் ஒன்ராறியோவின் எண்ணற்ற ஆஷ் மரங்களை அழித்துவிட்டது. எரிக்கும் இடத்தருகே வாங்கி, வாங்கிய இடத்திலேயே எரித்து முடிப்பதே முறை.

வடக்கில் உள்ளது பெரும்பாலும் கறுப்புக் கரடி. இயல்பில் அது மனிதரை அஞ்சி ஒதுங்குவது; உணவின் மணமே அதை முகாமுக்கு அழைத்துவருகிறது. கருவாடு பொரித்த சட்டி, வெங்காயத் தோல், பால்போத்தல், பற்பசை, சவர்க்காரம் என மணமுள்ள எதுவும் இரவில் கூடாரத்தில் இருத்தலாகாது. அனைத்தும் வண்டிக்குள் பூட்டப்பட வேண்டும். வண்டி செல்ல முடியாத உட்காட்டுத் தளங்களில் உணவுப் பையை நிலத்திலிருந்து குறைந்தது 4 மீற்றர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து விலகித் தொங்கவிடுவர். கரடியை நேருக்குநேர் கண்டால் ஓடாமல், முதுகைக் காட்டாமல், உரத்த குரலில் பேசியபடி மெதுவாகப் பின்னே நகர வேண்டும். ஒருமுறை மனித உணவை ருசித்த கரடி மீண்டும் மீண்டும் வரும், இறுதியில் அது சுடப்பட நேரிடும். ஆகையால் கழுவாத ஒரு சட்டியின் விலையைப் பெரும்பாலும் செலுத்துவது கரடியே.

நீர்

சுப்பீரியர் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 82,100 சதுரக் கிலோமீற்றர். இலங்கைத் தீவின் முழுப் பரப்பும் அதனுள் அடங்கிய பின்னரும் இடம் எஞ்சும். 400 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்ட அதன் நீர் கோடையிலும் கடுங்குளிராகவே இருக்கிறது. திடீரென அதில் விழுந்தவர் மூச்சை அடக்க இயலாமல் நீரை உள்ளிழுப்பதே ஆபத்தின் தொடக்கம். நன்கு நீந்தத் தெரிந்தோரும் இதற்கு விலக்கல்லர். பிள்ளைகள் நீராட உள்நாட்டுச் சிற்றேரிகளையே தெரிய வேண்டும். படகில் ஏறும் அனைவரும் உயிர்காப்பு மேலங்கியை அணிந்தே இருத்தல் வேண்டும், அருகில் வைத்திருத்தல் போதாது. மீன்பிடிக்க விரும்புவோரில் 18 முதல் 64 வயதுக்கு உட்பட்டவருக்கு உரிமம் தேவை. பிடிக்கத்தக்க அளவு வலயத்துக்கு வலயம் மாறுபடும்.

சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்காவிலுள்ள அகாவாப் பாறையில் அனிஷினாபே மக்களின் முன்னோர் செங்காவியால் தீட்டிய உருவங்கள், நீருக்கு மேலே நிற்கும் செங்குத்தான பாறைமுகத்தில் உள்ளன. கொம்பும் முதுகு முட்களும் கொண்ட நீர்த்தெய்வமான மிஷிபெஷு அவற்றுள் பெயர்பெற்றது. அம்மக்களுக்கு இது இன்றும் வழிபாட்டிடம்; தொடாமலும் குரலை உயர்த்தாமலும் பார்த்துத் திரும்புவதே மரியாதை. அலை எழும் நாட்களில் அந்தச் சரிவான பாறை விளிம்பில் இறங்கவே கூடாது.

புறப்படுமுன்னும் திரும்புமுன்னும்

கைபேசி வேலை செய்யாத நிலத்துக்குச் செல்பவர், வழித்தடம், பூங்காவின் பெயர், தள எண், வண்டியின் இலக்கம், திரும்பும் நாளும் நேரமும் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஊரில் நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். குறித்த நேரம் கடந்து எத்தனை மணிக்குப் பின் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவைப்பது நல்லது. வரைபடத்தைக் கைபேசியில் முன்னரே இறக்கிக்கொள்வதுடன், அச்சிட்ட சாலை வரைபடம் ஒன்றும் வண்டியில் இருக்கட்டும்.

இறுதி நாளில் தீக்குழியை விட்டு அகலுமுன் நீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, மீண்டும் நீர் ஊற்ற வேண்டும். பின்னர் புறங்கையை அதன் அருகே கொண்டுசென்று பார்க்க வேண்டும். சிறிதேனும் வெப்பம் தெரிந்தால் தீ இன்னும் அணையவில்லை, இன்னொரு வாளி நீர் தேவை.